சோடினை ரீச்சரின் அறை

மக்டலீன் ரீச்சருக்கு ஒரு வியாதி இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வியாதி. கண்ணில் பட்ட எதையும் அவள் மனதாலே தூக்கிக்கொண்டுபோய்த் தன் வகுப்பறையில் மாட்டிவிடுவாள். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டாள், பொம்பிளையையும் பார்க்கமாட்டாள். அவர்களுக்குப் பின்னால் தொங்கும் சீலையைப் பார்த்து, இது நாளைக்குக் குப்பைக்குத்தானே போகப்போகிறது, நாலாக வெட்டினால் யன்னலுக்கு எப்படி இருக்கும் என்று யோசிப்பாள். ஐஸ்கிரீம் குடிக்கப் போனால் பக்கத்து மேசைக்காரரின் வெறுங்கோப்பையில் கண் போய்விடும். பூசையில் சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போது முன்வாங்கில் இருந்து பக்தியோடு முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மோட்சத்தைப் பார்க்கிறாள் என்று சுவாமியார் நினைத்துக்கொள்வார். பாவம் மனுசன். முகட்டிலிருந்து கடுதாசி மீன்களைத் தொங்கவிட எவ்வளவு நூல் வேண்டும் என்பதுதான் அவளுடைய தியானம்.

இந்தக் கனவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதற்குள் வரும் எதையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது. மக்டலீனின் சம்பளம் மாதக் கடைசியைக் கண்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய காசோ, வருகிறது வருகிறது என்று சொல்லப்படுகிற காசு. ஆகவே கனவிலும் அவள் சிக்கனம். போனில் வெளிநாட்டு வகுப்பறைகளின் வீடியோக்கள் வரும். மெத்தை விரித்த தரை, பஞ்சு வைத்த ஆசனம், சுவர் முழுக்கக் கடையில் வாங்கிய படம். பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உதுக்குள்ளை பிள்ளை படிக்குமே? குறட்டை விட்டு நித்திரை கொள்ளும்," என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த மூலையில் இருந்த புத்தகத் தட்டை மீன்பெட்டியால் செய்யலாமோ என்று திரும்ப எடுத்துப் பார்ப்பாள்.

அவளுடைய புருசன் லியோன் நண்டுவலைக்காரன். பகிடிக்குப் பஞ்சமில்லாதவன். "நான் ஒருநாள் கடலாலை வரப் பிந்தினால் நான் உடுக்கிற சாரம் ரீச்சரின்ரை வகுப்பு யன்னலிலை தொங்கும்," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

குருநகரில் பிறந்தவளுக்கு இந்த வியாதி வந்ததில் புதினம் ஒன்றுமில்லை. அங்கே திருநாள் வந்தால் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை போட்டி போட்டுக்கொண்டு சோடிப்பார்கள். கடுதாசிப் பூவும் குருத்தோலையும் மின்குமிழும் சேர்ந்து வானத்தை மறைத்துவிடும். சோடினை என்றால் அவர்களுக்கு உயிர். சின்னப் பெட்டையாக இருந்தபோதே மக்டலீனின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. பிறகு சண்டை வந்தது. ஊரோடு இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு மரத்துக்குக் கீழே இருந்து படித்தாள். மழை வந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு சுவரும் ஒரு கூரையும் எவ்வளவு பெரிய சொத்து என்பது அங்கேதான் அவளுக்குப் பட்டது. ஊருக்குத் திரும்பி வந்து, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகத் தேய்ந்து, நியமனம் கேட்டு வெயிலில் பதாகை பிடித்து நின்று, ஒருவழியாக நிரந்தரமானபோது தலையில் நரை விழுந்துவிட்டது. கிடைத்தது அரியாலைக் கரையோரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதி சைவம், பாதி வேதம், அதாவது கிறிஸ்தவம். எல்லாருமே கடலை நம்பிய வீட்டுப் பிள்ளைகள். கொடுத்த வகுப்பு தரம் ஒன்று.

வகுப்பு கொடுத்தார்களே தவிர அறை கொடுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுக்கு இருந்தது நீளமான ஒரே மண்டபம். சுவர் இல்லை, தட்டி இல்லை. இந்தப் பக்கம் தரம் இரண்டு, அந்தப் பக்கம் தரம் மூன்று, நடுவில் சந்தையில் அகப்பட்ட கோழிக்குஞ்சுகள்போலத் தரம் ஒன்று. தரம் இரண்டு பாட்டுப் பாடும். தரம் மூன்று வாய்ப்பாடு சொல்லும். மக்டலீன் ஒரு பசுமாட்டின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன பிள்ளையள்?" என்று கேட்பாள். பிள்ளைகள் ஒரே குரலில் "பதினாறு!" என்பார்கள். அவர்களில் பிழையில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார்கள். தன் குரலைப் பிள்ளைகளுக்குக் கேட்கவைக்கக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருந்தது. சுவரே இல்லாத இடத்தில் எதை எங்கே மாட்டுவது? அதனால்தான் அவள் மனதில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். மற்ற ஆசிரியைகள் வைத்த பெயர் சோடினை ரீச்சர். பாசத்தில் பாதி, நக்கலில் பாதி.

மண்டபத்தின் கோடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. கால் உடைந்த கதிரைகள், முதுகு போன மேசைகள், அரசாங்கம் கணக்கில் கழித்துவிட்ட தட்டுமுட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் சவக்காலை. போன வருசம் யாரோ புண்ணியவான் கூரையைத் திருத்திக் கொடுத்தார். அன்று தொடக்கம் மக்டலீனின் கனவுக்கு விலாசம் கிடைத்துவிட்டது. பூட்டிய யன்னலின் இடுக்கால் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்ப்பாள். தூசும் சிலந்தியும் அவளுக்குத் தெரியாது. கிழக்குப் பக்கத்தால் காலை வெயில் வருவது மட்டும் தெரியும்.

கனவு காண்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவன் கை வைக்கும்வரை வாயே திறக்கமாட்டார்கள். மக்டலீனும் அப்படித்தான் இருந்தாள், கார்த்திகை மாதத்து ஆசிரியர் கூட்டம் வரைக்கும். அன்று அதிபர் குணலட்சுமி மலர்ந்த முகத்தோடு வந்தார். குணலட்சுமி கெட்ட மனுசி அல்ல. கஞ்சி போட்ட சீலையும் நேரம் தவறாத மணிக்கூடுமாக, அந்தப் பள்ளிக்கூடம் மூடப்படாமல் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் செல்வரட்ணம், கோடியில் கிடக்கும் அறையை ஸ்மார்ட் வகுப்பறையாக்கித் தர முன்வந்திருக்கிறார் என்றார். பெரிய திரை வருமாம், குளிரூட்டி வருமாம், மேல்வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் இருந்து படிப்பார்களாம்.

எல்லாரும் கைதட்டினார்கள். மக்டலீனின் கை எழவில்லை. கூட்டங்களில் வாயே திறவாதவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், அந்த அறையை எனக்குத் தாங்கோ."

குணலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கோ? என்னத்துக்கு?"

"தரம் ஒண்டுக்கு. என்ரை பிள்ளையளுக்கு நான் சொல்லுறது கேக்கிறேல்லை மிஸ்."

"மக்டலீன், ஒரு மனுசன் லண்டனிலை இருந்து காசு தாறன் எண்டுறார். உங்களிட்டை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை மிஸ். ஆனால் என்ன செய்யவேணும் எண்டு முழுக்கத் தெரியும்."

யாரோ பின்னால் இருந்து "சோடினை!" என்று சிரித்தார்கள். குணலட்சுமி சிரிக்கவில்லை. தரம் ஒன்றில் ஒரு பிள்ளை எழுதத் தெரியாமல் போனால் அந்தக் குறை தரம் பதினொன்று வரைக்கும் தன்னைத் துரத்தும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல.

"சரி, கேளுங்கோ," என்றார். "தையிலை புதுப் பிள்ளையளுக்குக் கால்கோள் விழா வைப்பம். அண்டைக்குச் செல்வரட்ணமும் வாறார், அறையை அளக்க. அவர் வந்து நிக்கேக்கை அது வகுப்பா இருந்தால் உங்களுக்கு. குப்பையா இருந்தால் அவருக்கு. பள்ளிக்கூடக் காசு ஒரு சதமும் தரமாட்டன்."

"காணும் மிஸ்," என்றாள் மக்டலீன்.

மார்கழி விடுமுறை தொடங்கியதும் லியோனைப் பிடித்தாள். வாடைக்காற்றில் கடல் குழம்பிக் கிடந்தது. தொழிலுக்குப் போகாமல் மனுசன் வீட்டில் புறுபுறுத்துக்கொண்டிருந்தான். அறையைத் திறந்து காட்டினாள். கால் உடைந்த கதிரைகள் முகடுவரைக்கும் குவிந்து கிடந்தன.

"இதைக் கொண்டுபோய்க் கொளுத்துவமே?" என்றான் லியோன்.

"விசரே உங்களுக்கு? இஞ்சை பாருங்கோ, இதுக்கு ஒரு கால்தானே பாதியிலை முறிஞ்சு கிடக்கு. மற்ற மூண்டையும் அதின்ரை உயரத்துக்கு அரிஞ்சு விடுங்கோ."

லியோன் அரிந்தான். வைத்துப் பார்த்தான். ஐந்து வயதுப் பிள்ளை இருக்க அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு குட்டிக் கதிரை நின்றது. அவன் தலையைச் சொறிந்தான். மக்டலீன் இந்தக் கதிரையைப் பல வருசமாகக் கனவில் பார்த்துவிட்டாள், அவளுக்கு அது புதினமாக இல்லை. மனதில் வைத்து அரிந்த கதிரைகளையெல்லாம் இப்போது புருசனின் கையால் அரிப்பித்தாள். மேசைகளுக்கும் அதே வைத்தியம் நடந்தது. உடைந்து உடைந்து ஒரே உயரத்துக்கு வராதவற்றை உயரத்துக்கு உயரம் ஒன்றாகச் சேர்த்துப் போட்டாள். நெட்டையனுக்கு ஒரு மேசை, கட்டையனுக்கு ஒரு மேசை.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் காலையில் குருநகர் ஒழுங்கைகளில் இறங்கினாள். இயேசு பிறந்த நத்தாருக்குப் பாலன் குடில் கட்டிய இளந்தாரிகள் அதைப் பிரித்து எரிக்க ஆயத்தமாக நின்றார்கள். நீலத்துணி வானம், வெள்ளிக் கடுதாசி நட்சத்திரங்கள், சாக்குக்குச் சாந்து பூசிய மலைகள். நெருப்புப்பெட்டி உரசுகிற நேரத்தில் போய் நின்றாள்.

"தம்பியவை, அந்த வானத்தை எனக்குத் தாங்கோ."

தந்தார்கள். இந்த ஒழுங்கைக்காரர் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் அடுத்த ஒழுங்கைக்காரர் தங்களுடையது இன்னும் பெரிய வானம் என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே அப்படித்தான், போட்டி என்று வந்தால் குப்பையிலும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். பெத்லகேம் மலையை ஓட்டோவின் முகட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு மக்டலீன் அரியாலைக்குப் போன காட்சியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முன்னால் போன பஸ்சின் யன்னல்களிலெல்லாம் தலைகள். அவள் அரசகுமாரிபோல நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

மலை புத்தக மூலையாயிற்று. குகைக்குள் இருந்து ஒரு பிள்ளை படம் பார்க்கலாம். நீலத்துணி முகட்டுக்குப் போயிற்று. லியோனின் கிழிந்த வலையை ஒரு பக்கச் சுவரில் இழுத்துக் கட்டினாள், பிள்ளைகள் கீறும் படங்களைக் கொளுவி வைக்க. மீன்பெட்டிகள் தட்டுகளாயின. ஐஸ்கிரீம் கோப்பைகளில் கலர்ப்பென்சில்கள் ஏறின. ஒவ்வொன்றாக மனதிலிருந்து இறங்கி வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தபோது அவளுக்கு வந்த சந்தோசம் சொல்லி அடங்காது. சில நேரம் அறையின் நடுவில் நின்று தன்பாட்டில் சிரித்தாள்.

மிஞ்சியது முன்சுவர். பிள்ளைகளின் கண் முதலில் விழப்போகும் சுவர். அதற்குப் பெயின்ற் வேண்டும். பெயின்ற் என்றவுடன் தம்பி யாகோப்பு. யாகோப்பு கரையில் படகுகளுக்குப் பெயின்ற் அடிப்பவன். அவனுடைய கொட்டிலில் ஒவ்வொரு தகரத்தின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சம் நீலம் மிஞ்சிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினால் ஒரு சுவருக்குக் காணும்.

"கீழை கடல், மேலை வானம், நடுவிலை ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் தம்பி. நான் நாளைக்குப் பின்னேரம் வந்து அதுக்குள்ளை மீன் கீறுவன்," என்று சொல்லி, அறைத் திறப்பைக் கொடுத்துவிட்டு, விழாவுக்கு முதல்நாள் நடந்த கல்வி வலயக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

யாகோப்பு மனமுருகி அடித்தான். அக்காவின் காரியமல்லவா? கண்ணாடிபோல மினுங்கும் நீலம். அளவு பிசகாத வெள்ளைக் கோடு. கோடு போட்டு முடிந்ததும் கை தன்பாட்டில் அடுத்த வேலைக்குப் போயிற்று. வருசக்கணக்காக நீலத்துக்கு மேலே வெள்ளைக் கோடு போட்ட கை, கோட்டுக்கு மேலே என்ன வரும் என்று யாரிடமும் கேட்டதில்லை. முழ உயர எழுத்தில் "புனித அந்தோனியார் துணை" என்று எழுதினான். அதற்குக் கீழே தன்னுடைய படகின் பதிவிலக்கத்தையும் வடிவாக எழுதிவிட்டு, தூர நின்று பார்த்து, திருப்தியோடு தேத்தண்ணி குடிக்கப் போனான்.

மக்டலீன் பின்னேரம் வந்து கதவைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் தரம் ஒன்று கடலுக்குப் போக ஆயத்தமாக நின்றது.

"யாகோப்பு!" என்று அவள் போட்ட சத்தத்தில் அதிபரே கந்தோரிலிருந்து வந்துவிட்டார்.

குணலட்சுமி சுவரைப் பார்த்தார். பிறகு கதிரைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வியப்பு வந்ததை மக்டலீன் கண்டாள். ஆனால் கண் திரும்பவும் சுவருக்குப் போனபோது அது மறைந்துவிட்டது.

"மக்டலீன், இது அரசாங்கப் பள்ளிக்கூடம்," என்றார் மெதுவாக. "பாதிப் பிள்ளையள் சைவம். நாளைக்கு அவையின்ரை தாய் தேப்பன் வந்து நிண்டு, வேதத்துக்கு இழுக்கினம் எண்டு சொன்னால் நான் என்ன மறுமொழி சொல்லுறது? பிள்ளையார் துணை எண்டு எழுதியிருந்தாலும் இதைத்தான் சொல்லுவன்."

"தெரியும் மிஸ். தம்பி தெரியாமல்..."

"விடிய நான் வரேக்கை உது இருக்கக்கூடாது. இருந்தால் அறையைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையளை மண்டபத்திலை இருத்துங்கோ. செல்வரட்ணம் அளந்துகொண்டு போகட்டும்."

அவர் போய்விட்டார். சொன்னதில் பிழை பிடிக்க மக்டலீனால் முடியவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. யாகோப்பு துணியில் தின்னர் தோய்த்து ஓர் எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தான். வெள்ளை போகவில்லை, நீலமும் சேர்ந்து இழுபட்டுச் சேறாயிற்று. மேலே அடிக்க நீலம் ஒரு சொட்டும் மிச்சமில்லை. இருந்தாலும் அந்த ஈரக் காற்றில் விடிவதற்குள் காயாது. மிஞ்சியது சின்னத் தகரம் ஒன்றில் கறுப்பும், கொஞ்சம் சிவப்பும், எழுதிய வெள்ளையின் அடியும்தான்.

"துணி கட்டி மறைப்பம் அக்கா," என்றான் யாகோப்பு அழுவாரைப்போல.

"ஈரத்திலை ஒட்டிப்போடும்."

குட்டிக் கதிரை ஒன்றில் இருந்தாள். அது அவளுக்குப் போதாமல் முழங்கால் நெஞ்சில் முட்டியது. இந்தச் சுவரைப் பார்க்கத்தான் இவ்வளவு நாளும் கனவு கண்டேனா என்று ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. கண்ணீருக்குள்ளால் பார்த்தபோது முதல் எழுத்து கொஞ்சம் நெளிந்தது. "பு"வின் வளைந்த வால் துடுப்புபோலத் தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கறுப்பை எடு."

"என்ன செய்யப்போறியள்?"

மக்டலீன் தூரிகையைத் தோய்த்தாள். "பு"வுக்கு ஒரு கண் வைத்தாள், செதிள் வைத்தாள். சூடைமீன் ஒன்று நீந்தியது. "அ" சுழன்று சங்காயிற்று. "தோ"வின் கொம்பு கடற்குதிரையின் கழுத்தாக நிமிர்ந்தது. "னி"யின் மேல்வளைவில் மீசையை இழுத்துவிட்டாள், இறால் வந்தது. வருசக்கணக்காகக் கடுதாசி இல்லாமல், கலர் இல்லாமல், தலைக்குள்ளே கீறிக் கீறிப் பழகிய கை அது, யோசிக்கவே தேவைப்படவில்லை.

யாகோப்புவுக்குத்தான் பதைத்தது. "அக்கா, அந்தோனியாரை அழிக்கிறியளே... பாவமெல்லே?"

மக்டலீன் தூரிகையோடு திரும்பினாள். "யாகோப்பு, மனுசர் கேக்கேல்லை எண்டு கடற்கரைக்குப் போய் மீனுகளுக்குப் பிரசங்கம் வைச்சவர் ஆர்?"

"அந்தோனியார்தான்."

"பேந்தென்ன? அவரை ஆர் அழிக்கிறது? மீனுக்குள்ளை விடுறன். அவருக்கு அதைவிட வேறை என்ன வேணும்? சிவப்பைத் தா, கீறி முடிக்க நேரமில்லை."

யாகோப்பு சிலுவை போட்டுக்கொண்டு தகரத்தை நீட்டினான். பிறகு அவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பதிவிலக்கத்தில் இருந்த எட்டை நண்டாக்குவோம் என்று அவனே சொன்னான். பொழுதுபடும்போது எழுத்து ஒன்றும் இருக்கவில்லை. சுவர் முழுக்கக் கடல்சாதி. சிலதுக்குக் கண் வைக்க நேரமில்லை, சிலதுக்குச் செட்டை முடியவில்லை. வெளிச்சம் போய்விட்டது என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஆளைவிடப் பெரிய புத்தகப்பை. மண்டபத்தில் மேடை, குத்துவிளக்கு, ஒலிவாங்கி எல்லாம் ஆயத்தமாக இருந்தன. விழா தொடங்கும்வரை பிள்ளைகளைக் கோடி அறையில் இருத்தும்படி சொல்லப்பட்டிருந்தது. முன்னால் வந்தவள் ஆரபி. நண்டுத் தொழில்காரர் ஒருவரின் கடைசிப் பெட்டை. தாயின் சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விட்டால் உலகம் முடிந்துவிடும் என்ற மாதிரி நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களின் உதடுகளும் பிதுங்கத் தொடங்கிவிட்டன.

ஆரபி வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ரீச்சர்," என்றாள் பிள்ளை. "உந்த நண்டுக்கு ஒரு கால் குறையுது."

மக்டலீன் திரும்பிப் பார்த்தாள். மெய்தான். அவசரத்தில் ஒரு பக்கம் ஒரு காலை விட்டுவிட்டாள்.

"ஐயோ, ஓம் அம்மா. இப்ப என்ன செய்வம்?"

"கீறவேணும்."

"அப்ப நீங்களே கீறுங்கோவன்."

பெயின்ற் தோய்த்த சின்னத் தூரிகையை நீட்டினாள். தாய் "ஐயோ ரீச்சர், புதுச் சட்டை!" என்று பதறினாள். அதற்குள் ஆரபி சீலைத் தலைப்பை விட்டுவிட்டாள். நேரே போய், கதிரையில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு நண்டுக்குக் கால் வைத்தாள். கால் கொஞ்சம் தடித்துப்போயிற்று. ஆனால் நண்டு முழு நண்டாயிற்று. கையைத் தட்டியது அவளுடைய தாய்தான்.

அவ்வளவுதான். மற்றவர்களின் உதடுகள் பழைய இடத்துக்குப் போயின. "இறாலுக்கு ஒரு மீசைதான் இருக்கு!" "அந்தச் சூடைக்கு மற்றக் கண் எங்கை?" மக்டலீன் முடிக்காமல் விட்டது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணில் அகப்பட்டது. முடித்து வைத்திருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இப்போது எல்லாருக்கும் வேலை இருந்தது. கதிரையில் ஏறுவதற்கு வரிசை நின்றார்கள். தாய்மார் தங்களைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று கொஞ்சம் மனவருத்தத்தோடு மண்டபத்துக்குப் போய் இருந்தார்கள்.

மண்டபத்தில் செல்வரட்ணம் மாலை போட்டுக்கொண்டு மேடையில் இருந்தார். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஆள் நின்றது. பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி ஓர் ஆசிரியையை அனுப்பினார்கள். அவர் வரவில்லை. இன்னொருவரை அனுப்பினார்கள், அவரும் வரவில்லை. குணலட்சுமிக்கு நேரம் பிசகினால் தலையிடி வரும். தானே எழும்பிப் போனார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். முன்சுவரில் எழுத்து இல்லை. எழுத்து இருந்த இடமெல்லாம் மீன். மீன்களுக்கு முன்னால் பிள்ளைகள், கதிரையில் தூரிகையோடு ஒரு பையன். ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒரு பிள்ளையும் ஓடவில்லை.

"மக்டலீன்..." என்று தொடங்கினார்.

"மிஸ், சத்தம் போடாதேங்கோ," என்றாள் ஆரபி திரும்பிப் பாராமலே. "அவனுக்குக் கை ஆடும்."

குணலட்சுமி வாயை மூடினார். அந்த வாயை மூடவைக்க வலயப் பணிப்பாளராலும் முடிந்ததில்லை. அவருக்குப் பின்னால் மாலையோடு செல்வரட்ணம் வந்து நின்றார். அறை அளக்கக் கொண்டுவந்த நாடா கையில் இருந்தது. தலையை உள்ளே நீட்டி, வானத்தைப் பார்த்தார், மலைக்குகைக்குள் ஒரு பிள்ளை குந்தியிருந்து படம் பார்ப்பதைப் பார்த்தார்.

"நான் படிக்கேக்கை இந்த அறையிலை பிரம்புதான் வைச்சிருந்தவை," என்றார் தாழ்ந்த குரலில். "இதுக்கு எவ்வளவு செலவழிச்சனியள் ரீச்சர்?"

"ஒண்டும் இல்லை ஐயா. எல்லாம் எறிய இருந்த சாமான்."

அவர் நாடாவைப் பார்த்தார், பிறகு அதிபரைப் பார்த்தார். "அப்ப என்ரை ஸ்மார்ட் வகுப்பு?"

குணலட்சுமி கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"மண்டபத்திலை போடுங்கோ," என்றார். "நடுவிலை இடம் வெறுமையாக் கிடக்கு. தரம் ஒண்டு இனி அங்கை இல்லை."

அந்தச் சொல் காதில் விழுந்தபோது மக்டலீனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஓவென்று கத்தவேண்டும்போல இருந்தது. மரத்தடியும், வெயிலில் பிடித்த பதாகையும், நடுமண்டபத்தில் கத்திக் கத்திப் போன வருசங்களும் ஒன்றாக எழும்பி நெஞ்சில் நின்றன. வென்றுவிட்டேன் என்று நினைத்தாள். வெட்கமில்லாமல் நினைத்தாள். கத்தவில்லை, ஏனென்றால் அந்தப் பையன் இன்னும் கதிரையில் நின்று கடற்குதிரைக்கு வால் போட்டுக்கொண்டிருந்தான்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாய் தகப்பன், ஆசிரியைகள், புகைப்படக்காரன், யாகோப்பு, லியோன். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். செல்வரட்ணம் படமெடுக்க வேண்டும் என்றார். அதிபர் பிள்ளைகளை ஒருக்கால் மேடைக்குக் கொண்டுவந்து பிறகு விடலாம், விழா தொடங்கவேண்டும் என்றார்.

மக்டலீன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மிஸ், ஐயா, எல்லாரும் குறை நினைக்காதேங்கோ. விழாவை நீங்கள் தொடங்குங்கோ. இஞ்சை இப்ப வகுப்பு நடக்குது."

சொல்லிவிட்டு, அதிபரின் முகத்துக்கும் லண்டன்காரரின் மாலைக்கும் முன்னால் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு அவளுக்கு ஒரு கதவு இருந்தது அதுதான் முதல்தடவை. வெளியே சத்தம் அடங்கிப்போயிற்று. அவள் திரும்பி, பிள்ளைகளைப் பார்த்து, வீட்டில் கதைக்கிற குரலில் "சரி பிள்ளையள்," என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.